கோணல் என்கிற பதினேழாம் எண்

ஐகானிக் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் கம்பெனியின் விற்பனைத் தலைவர் அதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வார். பெட்டி ஐகானிக், பெட்டிக்குள் இருக்கும் பஞ்சு ஐகானிக், விளம்பரத்தில் குதிரை மேல் உட்கார்ந்திருப்பவர் ஐகானிக். எதையும் மினுங்க வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அதனால் தொழிற்சாலையில் அவருக்குப் பளபளா என்று பெயர். அவர் முன்னால் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. நான் மட்டும் இரண்டு தடவை வாய் தவறிக் கூப்பிட்டிருக்கிறேன்.

நான் கடிகாரம் வரைகிறவள். விலை உயர்ந்த கைக்கடிகாரங்கள் செய்யும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக வரைகிறேன். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று வீட்டிலும் சொல்வார்கள், வேலையிலும் சொல்வார்கள். இரண்டு இடத்திலும் சொல்வது ஒரே ஆள். என் கணவரின் தங்கை எங்கள் மாடி வீட்டில் இருக்கிறாள், எங்கள் கம்பெனியின் அச்சறையில்தான் வேலை. டயலில் புள்ளிகளையும் கோடுகளையும் எழுத்துகளையும் அச்சடிப்பவள் அவள். காலையில் காபி குடிக்கும்போது ஒரு தடவை, மதியம் கேன்டீனில் ஒரு தடவை, என் குணத்தைப் பற்றிய அபிப்பிராயம் நாத்தனாரிடமிருந்து எனக்கு இலவசமாகக் கிடைத்துவிடும்.

நான் வரைந்த கடிகாரங்கள் நிறைய. ஆனால் இது என்னுடையது என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஏழு வருடத்துக்கு முன் வெளிவந்த பதினேழாம் எண். சதுரமான கூடு, உருண்ட மூலைகள். சாவி கொடுக்கும் திருகு வழக்கம்போல் மூன்று மணிப் பக்கத்தில் இருக்காது. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில், கூட்டுக்குள் பாதி புதைந்து இருக்கும். மணிக்கட்டை மடக்கும்போது அது புறங்கையில் குத்தக் கூடாது என்பதற்காக நான்தான் கீழே இறக்கினேன். இறக்கியதும் வலது பக்கம் கனத்துத் தெரிந்தது. அதைச் சரிக்கட்ட இடது ஓரத்தைக் கொஞ்சம் தடிப்பாக்கினேன். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எண்ணும் கிடையாது, கோடும் கிடையாது. உலோக விளிம்பிலேயே நகத்தால் கீறியது போல ஒரு வெட்டு, அவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. யாரும் கேட்கவில்லை. முதல் நாளே கோணல் என்று பெயர் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

முதல் வருடம் விற்றதை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்புறம் மெதுவாகச் சூடு பிடித்தது. வாங்கியவர்கள் கழற்றவில்லை என்பதுதான் விசேஷம். பழுது பார்க்கும் பிரிவில் கொடுக்கும்போது, குழந்தையை ஆஸ்பத்திரியில் விட்டுப் போகிறவர்கள் போல வாசல் வரை போய்த் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அங்கே இருப்பவர்கள் சொல்வார்கள். ஏன் அப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு கடிகாரம் பெரிய பெயர் எடுக்க என்னென்ன வேண்டும் என்பதற்குப் பளபளாவிடம் ஒரு பட்டியலே இருந்தது. பிரபலமான ஒருவர் கட்ட வேண்டும், எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும், கல் பதிக்க வேண்டும், பெயர் கண்ணைப் பறிக்க வேண்டும். என்னிடம் பட்டியலும் இல்லை, பதிலும் இல்லை. கோபம் மட்டும்தான் இருந்தது.

அந்தக் கோபத்துக்குத் தகுந்த வேலை போன வருடம் வந்தது. பளபளா ஒரு புது வரைபடத்தை எடுத்துக்கொண்டு வந்தார். என் பதினேழாம் எண்தான். ஆனால் திருகு மூன்று மணிப் பக்கத்துக்குப் போயிருந்தது. இரண்டு ஓரமும் ஒரே தடிமன். வெட்டு இருந்த இடத்தில் ஒரு வைரம். கீழே கம்பெனியின் பெயர், இரண்டு மடங்கு பெரிதாக.

"கொஞ்சம் சீர்படுத்தியிருக்கேன், அவ்வளவுதான் மேடம்" என்றார்.

"மூக்கை நிமிர்த்தி, கண்ணை மாத்தி, நெத்தியில பேரை எழுதி ஒட்டியிருக்கீங்க. இதுக்குப் பேரு சீர்படுத்துறதா?"

"பேரு பளிச்னு தெரியணும். இல்லன்னா யாரோடதுன்னு எவனுக்குத் தெரியும்?"

விஷயம் முதலாளியம்மாவிடம் போனது. அறுபது வயதுக்காரர், பேச்சை அளந்து வைத்திருப்பவர். எங்கள் டயலில் அச்சாகும் பெயர் அவருடைய அப்பாவின் பெயர். அவர் ஒரு தேதி குறித்தார். வருடாந்திரக் கண்காட்சியின் மூன்றாம் நாள், மாலை ஐந்து மணி. அன்றைக்கு இயக்குநர்கள் கூடி முடிவு செய்வார்கள். ஒன்று, பதினேழாம் எண் எங்கள் நிரந்தரப் பட்டியலுக்குப் போகும். அந்தப் பட்டியலில் ஏறிய மாடலில் ஒரு கோட்டைக்கூட எவரும் நகர்த்த முடியாது. அதுவரை மூன்றே மூன்று மாடல்கள்தான் ஏறியிருந்தன. இல்லையென்றால் பளபளாவின் வரைபடம் ஜெயிக்கும், பழைய அச்சுகளை உருக்கிவிடுவார்கள், என் கடிகாரம் இனி இல்லை.

கண்காட்சிக்காகப் புதிதாகப் பன்னிரண்டு செய்யச் சொன்னார்கள். மழைமேக நிறத்தில் புது டயல். உடனே பெயரின் அளவைப் பற்றிச் சண்டை தொடங்கியது. பளபளா இரண்டு மடங்கு என்றார். நான் இருப்பதையே கால் பங்கு குறைக்க வேண்டும் என்றேன், பாதி ஆத்திரத்தில்தான். அரை மில்லிமீட்டருக்காக மூன்று வாரம் கடிதம் எழுதிக்கொண்டோம். முதலாளியம்மா வெளியூரில் இருந்தார். நாத்தனார் பெரிய எழுத்துக்கு ஒரு தகடு, சின்ன எழுத்துக்கு ஒரு தகடு என்று இரண்டையும் தயார் செய்து வைத்துக்கொண்டு, "யாராவது ஒருத்தர் ஜெயிச்சுத் தொலைங்க, எனக்கு வேற வேலை இருக்கு" என்று தினமும் கேன்டீனில் கத்தினாள்.

கண்காட்சிக்கு ஆறு நாள் இருக்கும்போது அவளுக்குப் பல் வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பாதி நாளில் கிளம்பிவிட்டாள். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி ஒரு வாரம் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை அச்சறைக்குப் போனேன். டயல் தட்டு அலமாரியில் இருந்தது, மூடி கவிழ்த்துப் போட்டிருந்தது. மேல்மாடியில் கடிகாரம் பூட்டுகிற அறையில், மூடி கவிழ்ந்திருந்தால் எல்லாம் பார்த்தாகிவிட்டது, எடுத்துக்கொள்ளலாம் என்று அடையாளம். இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதலாளியம்மா போனில் ஏதோ ஒரு முடிவைச் சொல்லியிருப்பார், இவளும் போட்டு முடித்துவிட்டுப் போயிருப்பாள் என்று நினைத்தேன். பக்கத்தில் கேட்க ஆளில்லை. வீட்டுக்குப் போன் செய்தால் வாயைத் திறக்க முடியாமல் அவள் படும் பாட்டைக் கேட்க வேண்டும். தட்டை நானே தூக்கிக்கொண்டு மேலே போனேன்.

மேல்மாடித் தலைவரை எல்லோரும் கழுகு என்போம். ஒரு தூசியை மூன்று மேஜை தள்ளியிருந்தே கண்டுபிடிப்பார். அவரும் அவருடைய ஆறு பேரும் நாலு நாளில் முள் பொருத்தி, கூட்டில் அடைத்து, தண்ணீரில் அமுக்கிச் சோதித்து, துடைத்து வைத்தார்கள். கடைசியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பன்னிரண்டையும் அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தேன். முள் உரசவில்லை, தூசி இல்லை, புள்ளிகள் நேராக நின்றன. ரொம்ப நாளைக்கு அப்புறம் என் கடிகாரம் எனக்கே அழகாகத் தெரிந்தது. ஏன் இந்தத் தடவை இவ்வளவு நன்றாக இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தேன். நிறத்தால் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

கண்காட்சி அரங்கு ஒரு ரயில் நிலையம் அளவுக்குப் பெரியது. எங்களுக்குக் கிடைத்த இடம் மூலையில், மாடிப்படிக்குக் கீழே. நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் பத்துக் கடிகாரங்களை அடுக்கினோம். ஒன்றை முதலாளியம்மா கட்டிக்கொண்டார். ஒன்றைப் பளபளா கட்டிக்கொண்டு, அந்தக் கையை மட்டும் ஆட்டி ஆட்டிப் பேசினார்.

முதல் நாள் மதியத்துக்குள் பெட்டியைச் சுற்றிக் கூட்டம். கடைக்காரர்கள் கையுறை போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள், காதில் வைத்துப் பார்த்தார்கள். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். நாற்பது வருடமாகக் கடிகாரம் விற்கிற ஒரு அம்மா, வெள்ளை முடியைக் கிராப் வெட்டியவர், ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "உங்களுக்குத் துணிச்சல் ஜாஸ்திதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நிறத்தைச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்து வைத்தேன். இரண்டாம் நாள் ஆர்டர் புத்தகம் தீர்ந்து இன்னொன்று வாங்க ஆள் அனுப்பினோம்.

பளபளா அசரவில்லை. "நிறம் எடுபட்டிருக்கு மேடம். பேரைப் பெருசு பண்ணி, கல்லையும் வெச்சிருந்தா இது ரெட்டிப்பா ஆயிருக்கும். பாருங்க, பேரு கண்ணுக்கே தெரியல" என்று தன் மணிக்கட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மதியம் நாத்தனார் வந்தாள். கன்னம் ஒரு பக்கம் வீங்கி, துணியால் கட்டியிருந்தாள். வேலை பார்ப்பவர்களுக்குக் கடைசி நாளுக்கு அனுமதிச் சீட்டு உண்டு. பெட்டி முன்னால் போய்க் குனிந்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். பிறகு என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் போனாள்.

"அண்ணி, பேரு எங்க?"

"எந்தப் பேரு?"

"கம்பெனி பேரு. டயல்ல போடுற பேரு."

"அதுலதான் இருக்கும். எங்க போயிடும்?"

"போய்ப் பாத்துட்டு வாங்க."

போய்ப் பார்த்தேன். பத்து டயல்கள். புள்ளிகள் இருந்தன. முட்கள் இருந்தன. விளிம்பின் வெட்டு இருந்தது. அதற்குக் கீழே பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மழைமேகம்தான் இருந்தது. திரும்பி அவளிடம் எப்படி வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை.

"எங்க ரூம்ல மூடியைக் கவிழ்த்து வெச்சா இன்னும் ஒரு அச்சு பாக்கின்னு அடையாளம். முடிச்சா நான்தானே மேல எடுத்துட்டுப் போவேன், அப்ப மூடியை நிமிர்த்திப் போட்டு, கழுகு முன்னாடி மறுபடி கவிழ்ப்பேன். இருபது வருஷமா இதுதான் நடக்குது. தட்டை யாரு எடுத்தது?"

என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

கழுகும் ஆறு பேரும் பார்த்திருக்கிறார்கள். நான் லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறேன். பெயரின் அளவுக்காக மூன்று வாரம் ஊரைக் கூட்டியவள், அந்தப் பெயர் இல்லாததைப் பார்க்கவில்லை. ஐந்து மணிக்கு முடிவு. தன் அப்பாவின் பெயரை விட்டுவிட்டு மூன்று நாள் ஊருக்குக் காட்டியிருக்கிறோம் என்று தெரிந்தால், முதலாளியம்மா பதினேழாம் எண்ணை மட்டுமா உருக்குவார்?

நாத்தனார் என் கையை விடவில்லை. "நான் மறந்துட்டேன்னு சொல்லிடறேன் அண்ணி. பல் வலியில மறந்துட்டேன். எனக்கு ரெண்டு திட்டு விழும், போயிட்டுப் போகுது. உங்களுக்கு இந்தக் கடிகாரம் மிஞ்சும்."

பத்தொன்பது வருடமாக ஒரே வீட்டில் வாய்ச்சண்டை போடுகிறோம். இவ்வளவு பெரிய பாரத்தைத் துணிப்பை போல வாங்கித் தோளில் போட்டுக்கொள்ளப் பார்க்கிறாள்.

"வாயை மூடிக்கிட்டு உக்காரு. ஏற்கெனவே வீங்கியிருக்கு" என்றேன். எனக்கு அன்பு காட்டத் தெரிந்த விதம் அதுதான்.

பெட்டியைப் பூட்டி உள்ளே எடுத்து வைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். செய்யவில்லை. தூணில் சாய்ந்துகொண்டு, வருகிறவர்களைப் பார்த்தேன். யார் முதலில் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒரு மணி நேரம் நின்றேன். நடைபாதையின் அந்தக் கோடியிலேயே ஒருவர் மற்றவரை இடித்து, "அதோ இருக்கு பாரு" என்றார். கணவன் மனைவி வந்தார்கள், அந்த அம்மா குனிந்து, "இதைத்தான் நான் சொன்னேன்" என்றார். ஒரு டாக்டர் போலத் தெரிந்தவர் தன் கையில் கட்டியிருந்த பழைய கோணலைப் புதிதின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார், திருப்தியாகத் தலையாட்டினார், போய்விட்டார். அவர் கையில் இருந்ததில் பெயர் இருந்தது. பெட்டியில் இருந்ததில் இல்லை. அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்த வெள்ளை முடி அம்மா துணிச்சல் என்று சொன்னது எதை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பார்த்திருக்கிறார். வேண்டுமென்றே விட்டிருக்கிறோம் என்று நினைத்திருக்கிறார். நினைத்துவிட்டு, அவர் கடைகளுக்கு முதல் ஆர்டரும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பயம் இருந்த இடத்தில் ஒரு முரட்டுச் சந்தோஷம் வந்து உட்கார்ந்தது.

ஐந்து மணிக்கு அரங்கின் பின்னால் இருந்த சின்ன அறையில் கூடினோம். முதலாளியம்மா, நாலு இயக்குநர்கள், பளபளா, நான். ஜன்னல் இல்லாத அறை, நீள மேஜை, காகிதக் கோப்பையில் டீ. பளபளா எழுந்து தன் வரைபடத்தை விரித்தார். நன்றாகத்தான் பேசினார். இவ்வளவு ஆர்டர் வந்தது நிறத்தால்தான் என்றார். சரியான இடத்தில் திருகும், ஒரு கல்லும், எடுப்பான பெயரும் சேர்ந்தால் இதை உலகமே அடையாளம் கண்டுகொள்ளும் என்றார்.

முதலாளியம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

நான் எழுந்திருக்கவில்லை. "சாரைத்தான் ஒண்ணு கேக்கணும்" என்றேன். "மூணு நாளா ஒண்ணைக் கையில கட்டியிருக்கீங்க. அதுல பேரு எப்படி இருக்கு?"

"சின்னதா இருக்கு. அதைத்தானே வந்ததுலேருந்து சொல்றேன்."

"எவ்வளவு சின்னதா?"

"கண்ணுக்கே தெரியாத அளவுக்கு."

"எங்க இருக்கு?"

"வெட்டுக்குக் கீழதான், வேற எங்க இருக்கும்? இதோ" என்று விரலை வைத்தார். விரலை எடுத்தார். கடிகாரத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். கழுத்து டையின் நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். விளக்குப் பக்கம் திருப்பினார். மறுபடி துடைத்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இல்ல" என்றார்.

முதலாளியம்மா தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். மற்ற நால்வரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நான் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அச்சறை முடிக்காமல் வைத்திருந்த தட்டை யாரையும் கேட்காமல் எடுத்துப் போனது நான், கடைசியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் நான், அச்சறையில் யார் மேலும் ஒரு தப்பும் இல்லை.

"எங்கப்பா பேரு இது" என்றார் முதலாளியம்மா, மெதுவாக. "அவரு இருந்தப்ப ஒரு எழுத்து கலைஞ்சிருந்தா பெட்டியோட திருப்பி அனுப்புவாரு."

எனக்கு அதோடு எல்லாம் முடிந்தது என்றே தோன்றியது.

அவர் பளபளாவின் பக்கம் திரும்பினார். "நீங்க மூணு நாளும் பெட்டிக்குப் பக்கத்துலயே நின்னீங்க. இது யாரோட கடிகாரம்னு எத்தனை பேரு கேட்டாங்க?"

பளபளாவைப் பற்றி நான் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவர் பொய் சொல்லவில்லை. விரல்களை மடக்கி, உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

"ஒருத்தரும் கேக்கல மேடம்."

"நானும் மூணு நாளா இதைக் கட்டியிருக்கேன்" என்றார் முதலாளியம்மா. "கை கழுவும்போது பாத்தேன், கார்ல பாத்தேன், படுக்கப் போகும்போது பாத்தேன். எங்கப்பா பேரு இல்லன்னு எனக்கே தெரியல. எங்க வீட்டுதுன்னு மட்டும் தெரிஞ்சுது." அவர் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க முயலவில்லை. "பேரைப் பாத்துத் தெரிஞ்சுக்கறதுக்கு ஆயிரம் கடிகாரம் இருக்கு. பேரே இல்லாமத் தெரியறதுக்கு நம்மகிட்ட இது ஒண்ணுதான் இருக்கு. இதுல எதைத் திருத்தப் போறீங்க?"

பளபளா தன் வரைபடத்தைத் தானே சுருட்டி, ரப்பர் வளையம் போட்டார்.

முதலாளியம்மா நிரந்தரப் பட்டியலை எடுத்து நாலாவதாகப் பதினேழாம் எண் என்று எழுதிக் கையெழுத்திட்டார். முகப்பில் இனி எழுத்து வேண்டாம், கூட்டின் பின்பக்கம், தோலைத் தொடுகிற இடத்தில் பெயர் இருக்கட்டும் என்றார். பிறகு பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "ஜெயிச்சிட்டீங்க. அதுக்காக அடுத்தவங்க தட்டைத் தொடலாம்னு ஆயிடாது. அச்சறைக்குப் போய் மன்னிப்புக் கேளுங்க. நேர்ல."

"இங்கதான் வந்திருக்கா" என்றேன்.

"அப்ப இப்பவே கேளுங்க. ஒரு கடிகாரத்தை நீங்க எடுத்துட்டுப் போங்க."

வெளியே அரங்கைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கம்பளத்தைச் சுருட்டும் சத்தம், ஆணி பிடுங்கும் சத்தம். நாத்தனார் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்து எழுந்தாள்.

"பட்டியல்ல ஏறிடுச்சு" என்றேன். "ஒரு கோட்டைக்கூட யாரும் தொட முடியாது."

அவள் சிரித்தாள், சிரித்ததில் பல் வலித்தது, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். தட்டைத் தொட்டது தப்பு, கேட்காமல் எடுத்தது அதைவிடத் தப்பு என்றேன். பத்தொன்பது வருடத்தில் என் வாயிலிருந்து அப்படி ஒன்று அவள் கேட்டதில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணி."

"காது வீங்கலையே, கன்னம்தானே வீங்கியிருக்கு."

"சும்மா, கேக்க நல்லா இருக்கு."

இன்னொரு தடவை சொன்னேன். பிறகு எனக்குக் கொடுத்த கடிகாரத்தை எடுத்து அவள் கையில் கட்டிவிட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கையை நன்றாக நீட்டினாள்.

வாசலில் காவலர் ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். அரங்கிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு கடிகாரத்தையும், எந்தக் கம்பெனியுடையது என்று நோட்டில் பதிந்துவிட்டுத்தான் விட வேண்டும். எங்களுக்கு முன்னால் வேறொரு கம்பெனிக்காரர் நின்றார். அவர் கட்டியிருந்ததைக் கழற்றச் சொல்லி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, டயலில் இருந்த பெரிய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்து எழுதினார் காவலர். அதற்கே இரண்டு நிமிடம் ஆனது.

எங்கள் முறை வந்தது. நாத்தனார் வாரைக் கழற்றத் தொடங்கினாள்.

"இருக்கட்டும்மா, தெரியுது" என்றார் காவலர். கண்ணாடியை அவர் ஏற்கெனவே நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். குனிந்து நோட்டில் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். எங்கள் முதலாளியம்மாவின் அப்பா பெயரை, ஒரு எழுத்துப் பிசகாமல், முழுசாக எழுதியிருந்தார்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அழுகிறேன் என்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. ஏழு வருடம் நான் தேடிய பதிலை, மூக்குக்கண்ணாடி போடாத ஒரு மனிதர் தேதியும் நேரமும் போட்டு எழுதிவிட்டிருந்தார்.

"கையெழுத்துப் போடுங்கம்மா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றார். போட்டேன்.